மாடிக்கும் கீழுக்கும் நடுவே ஒரு பல்

"இன்னும் பெருசாத் திறங்க மாமா. கோழிக்குஞ்சு மாதிரி திறந்தா நான் எங்கே கையை விடுறது?"

'தலையாட்டி' என்று பெயர் வாங்கிய அந்த மாமா கண்களை இறுக்கி மூடிக்கொண்டு வாயை மட்டும் அகலமாக்கினார். கண்ணைத் திறந்தால் தலைக்கு மேலே தொங்கும் துளைக் கருவி தெரியும். அதை அவர் பார்க்க விரும்பவில்லை. அதுவும் அவரைப் பார்க்க வேண்டாம் என்பது அவருடைய பிரார்த்தனை.

அவர் இந்த நாற்காலியில் ஏறியதற்குக் காரணம் பல் அல்ல, மனைவி. மனைவியின் தம்பி புதிதாகப் பல் கிளினிக் திறந்திருந்தான். திறந்த நாளிலிருந்து வெளியே போட்டிருந்த நாற்காலிகளின் பாலிதீன் உறைகூடக் கிழியவில்லை. "போய் உட்கார்ந்து வாயைக் கொஞ்சம் காட்டிட்டு வாங்களேன். ரோட்டுல போறவங்க கண்ணுக்கு ஒரு ஆள் இருக்கிற மாதிரியாவது தெரியும்" என்றாள் மனைவி. அவர் தலையாட்டினார்.

தலையாட்டுவது அவருக்குத் தொழில். ஒரு மரச்சாமான் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. கட்டில் கால் ஆடுகிறது என்று வாங்கியவர் கத்துவார்; ஆமாங்க என்பார். கால் ஆடவில்லை, அந்த ஆள் வீட்டுத் தரைதான் கோணல் என்று கடைக்காரர் கத்துவார். அதற்கும் ஆமாங்க என்பார். போனில் பேசும்போதுகூடத் தலையாட்டுவார். ஆபீசில் 'தலையாட்டி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவர் மேஜையில் ஒரு புகாரும் தீர்ந்ததில்லை. ஒரு சண்டையும் வந்ததில்லை.

மைத்துனன் கண்ணாடியை உள்ளே விட்டான். ஊசி மாதிரி எதையோ விட்டான். 'ம்' என்றான். பிறகு ஒரு சின்ன பிலிமைப் பல்லுக்குப் பக்கத்தில் செருகிப் படம் எடுத்தான். இந்த முறை கொஞ்சம் சந்தோஷமாகவே 'ம்ம்ம்' என்றான். பல் டாக்டர் சந்தோஷப்பட்டால் அடுத்தவனுக்கு ஆகாது என்று தலையாட்டிக்குத் தோன்றியது.

"ஓட்டை மாமா. வெளியே பார்த்தா கடுகு. உள்ளே பார்த்தா குகை."

"வலிக்கவே இல்லையே மாப்ள."

"வலிச்சா வர்ற இடமா இது? வலிக்கிறதுக்கு முன்னாடி வரணும்."

பிறகு மைத்துனன் பொறுமையாக விளக்கினான். வேறு நோயாளி இல்லாததால் பொறுமை நிறைய இருந்தது. பல்லுக்கு வெளியே எனாமல் என்று ஒரு கெட்டி ஓடு உண்டு. சொத்தை அந்த ஓட்டுக்குள்ளேயே நின்றால் தொடாமல் விடலாம். இது ஓட்டைத் தாண்டி உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதிக்குப் போய்விட்டது. மேல் ஓடும் உடைந்திருக்கிறது. பிரஷ் அந்தப் பொந்துக்குள் போகாது, சாப்பாடு மட்டும் போகும். இன்னும் விட்டால் நரம்பு. நரம்புக்குப் போனால் பல்லுக்கு அடைப்பு போதாது, ஆளுக்கு ராத்திரித் தூக்கம் போய்விடும்.

"வெள்ளிக்கிழமை வாங்க. சொத்தையை மட்டும் எடுத்துட்டு அடைச்சிடுறேன். அதுவரைக்கும் அந்தப் பக்கம் கடினமா எதையும் மெல்லாதீங்க."

தலையாட்டி தலையாட்டினார். வீடு போகும் வழியில் ஒரு பிஸ்கட் வாங்கி, எதற்கும் இருக்கட்டும் என்று முன்பற்களாலேயே கொறித்துக்கொண்டு நடந்தார்.

வீடு ஒன்றுதான். கீழே அண்ணன் குடும்பம், மாடியில் இவர் குடும்பம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு கேட், ஒரு மாடிப்படி, ஒரு தண்ணீர் மோட்டார். செய்தித்தாளும் ஒன்றுதான். காலையில் அண்ணன் முதல் பக்கங்களைப் படித்துக்கொண்டே விளையாட்டுப் பக்கங்களைப் படிக்கட்டில் வைப்பார். தம்பி இறங்கி வந்து எடுத்துக்கொள்வார். பேச்சு அதிகம் கிடையாது. செய்தித்தாள் கை மாறினால் சகோதரர்கள் நலம் என்று அர்த்தம்.

இந்த வீட்டில் இன்னொரு பல் டாக்டர் இருப்பதுதான் சிக்கல். அண்ணன் மகள். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள்.

"என்ன சித்தப்பா, அணில் மாதிரி சாப்பிடுறீங்க?" என்று படிக்கட்டிலேயே மடக்கினாள். அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் முகம் மாறியது. "வெள்ளிக்கிழமை குடையறாரா? நாளைக்குக் காலையில என் ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான் பார்க்காம யாரையும் வாயில மெஷினை வைக்க விடாதீங்க. பல்லு நகம் இல்லை, வெட்டினா வளர."

மறுநாள் ஆஸ்பத்திரியில் நீளமான வரிசை. அதைத் தாண்டி அவரை அவள் உள்ளே இழுத்தபோது நர்ஸ் முறைத்தாள். வரிசை அதைவிட அதிகமாக முறைத்தது. எல்லாமே அவசரத்தில் நடந்தது. தலையாட்டி வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"வலிக்குதா சித்தப்பா?"

தலையாட்டினார்.

"இந்தப் பல்லுதானே?"

தலையாட்டினார்.

"லைட் ரொம்பக் கூசுதா?"

தலையாட்டினார். வலிக்கவும் இல்லை, மூடிய கண்ணுக்குக் கூசவும் இல்லை. ஆனால் வாய்க்குள் ஒரு கண்ணாடியும் ஒரு கொக்கியும் இருக்கும்போது 'இல்லை' என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் இரண்டும் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும் என்பது அவர் கணக்கு. மேலும் கீழும் ஆட்டுவதே பாதுகாப்பு.

அவள் பல்லைக் காற்றடித்துக் காய வைத்தாள். விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். படமும் எடுத்தாள். அதை வெளிச்சத்தில் பிடித்துவிட்டுச் சிரித்தாள்.

"இதைப் போய் யாராவது குடைவாங்களா? கறை மாதிரி இருக்கே தவிர வழவழன்னு, கல்லு மாதிரி கெட்டியா இருக்கு. மேல் ஓடு உடையவே இல்லை. படத்துல நிழல் ஓட்டுக்குள்ளேயே நிக்குது. இந்தச் சொத்தை எப்பவோ நின்னு போச்சு சித்தப்பா."

"அப்போ அடைக்க வேண்டாமா?"

"வேண்டவே வேண்டாம். ஒரு தடவை குடைஞ்சா அது முடிவு இல்லை, ஆரம்பம். அடைச்சது ஒரு நாள் பெயரும். அப்புறம் இன்னும் பெருசா அடைப்பாங்க. அப்புறம் பல்லு மேல தொப்பி மாதிரி உறை மாட்டுவாங்க. கடைசியில பிடுங்குவாங்க. அந்தப் பயணத்தை எவ்வளவு தள்ளிப் போடுறமோ அவ்வளவு லாபம். அந்தப் பக்கம் நல்லாத் தேயுங்க, இனிப்பைக் குறைங்க, ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஒரு படம் எடுப்போம்."

தலையாட்டி ஆஸ்பத்திரியிலிருந்து மிதந்துகொண்டு வெளியே வந்தார். துளைக் கருவி இல்லாத ஆறு மாதம்! ஒரே ஒரு சின்ன வேலைதான் பாக்கி. அதை மைத்துனனிடம் சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் போன் செய்து லேசாகக் காய்ச்சல் என்றார்.

ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மற்றவர்கள் ஓய்வெடுக்கச் சொல்வார்கள். பல் டாக்டர் வேறு மாதிரி யோசிப்பார் என்று அவருக்குத் தோன்றவில்லை. சொத்தையிலிருந்து சீழ் ஏறித்தான் காய்ச்சல் என்று மைத்துனன் முடிவு கட்டினான். கையில் பெட்டியோடு வந்து இறங்கினான். வீட்டுக்கே எடுத்துப்போகும் சின்னத் துளைக் கருவி ஒன்று அவனிடம் இருந்தது, அதையும் கொண்டுவந்திருந்தான். அக்காவை டார்ச் பிடிக்கச் சொன்னான். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் மாமாவைச் சாய்த்து, கருவியை ஒரு முறை ஓட்டிப் பார்த்தான்.

அந்த 'ஙொய்ய்ங்' கீழ்வீடு வரை கேட்டது. அண்ணன் மகள் படிகளை இரண்டிரண்டாகத் தாவி வந்தாள்.

"யாரைக் கேட்டு இதைக் குடையறீங்க?"

"யாரைக் கேட்கணும்? பல்லு மாமாவோடது, மெஷின் என்னோடது."

"நான் நேத்தே பார்த்துட்டேன். மேல் ஓடு முழுசா இருக்கு."

"முழுசாவா? ஊசி வைச்சா உள்ளே இறங்குது."

"ஊசியால குத்திப் பார்க்கிறதையே இப்போ யாரும் செய்யறதில்லை. நீங்க குத்தினதுலதான் இறங்கியிருக்கும்."

மனைவி டார்ச்சை அண்ணன் மகளின் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"என் தம்பி என்ன கிணறா வெட்டுறான்?"

படிக்கட்டின் அடியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. அவர் மூட்டுவலிக்காரர், மேலே ஏற மாட்டார். குரல் ஏறும். தன் மகள் படிப்பில் பதக்கம் வாங்கியவள் என்பதை அவர் தெருவுக்கே தெரிவித்தார். பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் பல்லுக்குள் இருப்பது தெரியாது என்று மனைவி பதில் அனுப்பினாள்.

என் படத்தைப் பாருங்கள் என்றாள் அண்ணன் மகள். உன் படத்தை நான் ஏன் பார்க்க வேண்டும், என்னிடம் என் படம் இருக்கிறது என்றான் மைத்துனன். சரி, வாயையே திறந்து பார்த்துவிடலாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். நாற்காலி காலியாக இருந்தது. தலையாட்டி குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆபீசில் ஒரு கட்டில் புகாரைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு அந்த யோசனை வந்தது. இத்தனை வருடமாக அவர் செய்துவரும் வித்தைதான். வாங்கியவரிடம், 'கடைக்காரர் தப்பை ஒத்துக்கிட்டார், வெளியே சொல்ல வெட்கப்படறார்' என்று சொல்வார். கடைக்காரரிடம், வாங்கியவர் ஒத்துக்கொண்டதாக அதையே மாற்றிச் சொல்வார். இரண்டு பேரும் பெருந்தன்மையோடு போனை வைத்துவிடுவார்கள்.

மைத்துனனுக்குப் போன் செய்தார். "மாப்ள, அவ யோசிச்சுப் பார்த்தாளாம். நீ சொன்னதுதான் சரியாம்."

அண்ணன் மகளுக்குப் போன் செய்தார். "அவனுக்கு ரொம்ப வருத்தம்மா. நீ சொன்னதுதான் சரின்னு ஒத்துக்கிட்டான்."

இரண்டு பக்கமும் குளிர்ந்தது. கட்டில் வாங்கியவரும் கடைக்காரரும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குவதில்லை என்ற நுணுக்கத்தை மட்டும் அவர் மறந்துபோனார்.

சாயங்காலம் மைத்துனன் பெரிய சாக்லேட் டப்பாவோடு கேட்டைத் திறந்தான். அவனைப் பார்த்துவிட்டு அண்ணன் மகளும் சிரித்த முகத்தோடு பின்னாலேயே படியேறினாள். படிக்கட்டின் நடுத் திருப்பத்தில் இருவரும் நின்றார்கள்.

"பரவாயில்லை பாப்பா. சின்ன வயசு, தப்பு வரத்தான் செய்யும். ஒத்துக்கிட்டியே, அதான் பெரிய விஷயம்" என்றான் அவன்.

"நானா ஒத்துக்கிட்டேன்? நீங்க வருத்தப்படறீங்கன்னு கேள்விப்பட்டு நான் ஆறுதல் சொல்ல வந்தேன்."

"நான் எதுக்கு வருத்தப்படணும்?"

"சரியா இருந்த பல்லைக் குடையப் பார்த்ததுக்கு."

இருவர் தலையும் மெதுவாக மேலே திரும்பின. மாடிப்படியின் உச்சியில் தலையாட்டி நின்றிருந்தார். அவனைப் பார்த்து ஒரு முறை தலையாட்டினார். அவளைப் பார்த்து ஒரு முறை தலையாட்டினார். டப்பா கை நழுவி ஒவ்வொரு படியாக உருண்டது. சாக்லேட்டுகள் அண்ணன் வீட்டு வாசல் வரை போய்ச் சேர்ந்தன.

அன்றிலிருந்து போர். மோட்டார் சுவிட்ச் கீழ்வீட்டில் இருந்தது. மாடியில் யாராவது ஷவரில் பாடத் தொடங்கும் நேரத்தில் தண்ணீர் நின்றது. துணிக்கொடி மாடியில் இருந்தது. அண்ணி வாசலில் உட்காரும் நேரம் பார்த்துப் பிழியாத போர்வை சொட்டியது. தெருவில் யாரோ, நல்ல பல்லைக் குடைகிற டாக்டர் என்று மைத்துனன் கிளினிக்குக்கு விலாசம் சொன்னார்கள். அவன் வெறும் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சொத்தையைக் கண்டுபிடிக்கத் தெரியாதவள் என்ற பேச்சு அண்ணன் மகள் காதுக்கும் வந்தது. அவள் ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள்.

வீட்டுக்குள் இரண்டு செய்தித்தாள்கள் வரத் தொடங்கின. தலையாட்டிக்கு முதல் பக்கமும் கிடைத்தது, விளையாட்டுப் பக்கமும் கிடைத்தது. இரண்டிலும் ஒரு வரி மனதில் நிற்கவில்லை. அண்ணன் கேட் அருகே எதிர்ப்பட்டால் செருப்பைப் பார்த்துக்கொண்டு போனார். ஒரு நாள் கொத்தனார் வந்து மாடிப்படியை டேப் வைத்து அளந்தார். படிக்கட்டை அடைத்துச் சுவர் எழுப்பப் போவதாக அண்ணி பால்காரரிடம் சத்தமாகச் சொன்னார்.

"பல்லை அடைக்க விடலை. படியை அடைக்கறாங்க" என்றாள் மனைவி. "என் தம்பியைப் பொய்யன்னு சொன்ன வீட்டுல இனிமே எனக்குத் தண்ணி இறங்காது. வீடு பார்த்தாச்சு. ஞாயித்துக்கிழமை காலி பண்றோம். சரிதானே?"

அவர் தலையாட்டினார். தலையாட்டும்போது கழுத்து வலித்தது.

ஞாயிறு காலை வேன் வந்து நின்றது. பெட்டிகள் இறங்கின, பீரோ இறங்கியது. கடைசியாகக் கட்டில். அவர் கம்பெனிக் கட்டில்தான், கால் ஆடும். நடுத் திருப்பத்தில் சுமை தூக்குகிறவர்கள் அதைச் சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், ஒருவரை ஒருவர் திட்டினார்கள். கட்டில் சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மேற்படியில் மனைவியும் அவள் தம்பியும். கீழ்ப்படியில் அண்ணன், அண்ணி, மகள். சட்டத்தின் இடைவெளி வழியாக அண்ணனும் தம்பியும் பல நாட்களுக்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அறுத்துடலாமா சார்?" என்றார் தூக்கியவர்களில் ஒருவர்.

தலையாட்டியின் தலை வழக்கமான திசையில் கிளம்பியது. பாதியில் நின்றது. பிறகு, அந்த வீட்டில் யாரும் பார்த்திராத விதமாக, இடமும் வலமுமாக ஆடியது.

"இல்லை" என்றார். அவருக்கே அந்தச் சொல் புதிதாக இருந்தது. "எதையும் அறுக்க வேண்டாம். மூணாவது டாக்டர் ஒருத்தர் பார்க்கட்டும். அவங்க குடையச் சொன்னா குடையட்டும், பிடுங்கச் சொன்னா பிடுங்கட்டும். என் வாய்தானே. எல்லாரும் வாங்க."

யாரும் மறுக்கவில்லை. இரண்டு டாக்டர்களுக்கும் தாங்கள் ஜெயிப்பது உறுதியாகத் தெரிந்திருந்தது. மாடிக் கட்சி கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து இறங்கியது. மனைவியின் புடவை ஆணியில் மாட்ட, அண்ணன் மகள் பேசாமல் குனிந்து விடுவித்தாள். 'தேங்க்ஸ்' என்ற சொல் மனைவியின் தொண்டை வரை வந்து திரும்பிப் போனது.

தெருக்கோடி டாக்டரம்மா ஞாயிறு காலையில் மட்டும் பார்ப்பவர். வயதானவர், அதிகம் பேசாதவர். இத்தனை பேர் ஒரே வாயோடு வந்ததைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

இரு தரப்பும் கையோடு கொண்டுவந்த படத்தை நீட்டி வாதாடியது. மேல் ஓடு உடைந்திருக்கிறது, நிழல் உள்ளே போய்விட்டது, பிரஷ் எட்டாது, அதனால் அடைக்க வேண்டும் என்றான் மைத்துனன்.

"சரி" என்றார் டாக்டரம்மா.

ஓடு முழுசாக இருக்கிறது, நிழல் ஓட்டைத் தாண்டவில்லை, தொட்டால் கெட்டி, அதனால் காத்திருக்க வேண்டும் என்றாள் அண்ணன் மகள்.

"அதுவும் சரி."

"ரெண்டும் எப்படி டாக்டர் சரியாகும்? ஒரே பல்லு எப்படி உடைஞ்சும் இருக்கும், முழுசாவும் இருக்கும்? யாரோ ஒருத்தர் பொய்தானே சொல்லணும்?" என்றாள் மனைவி. எங்கள் வீட்டுக்காரர் மாதிரியே இவரும் ஒருவர் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

டாக்டரம்மா மைத்துனனின் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தலையாட்டியின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். அண்ணன் மகளின் படத்தைப் பிடித்தார். மறுபடியும் எட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியின் காம்பால் ஒரு பல்லை 'டொக்' என்று தட்டினார்.

"ரெண்டு பேரும் பார்த்தது இந்தப் பல்லுதானே?"

தலையாட்டி கண்ணை மூடியபடியே தலையாட்டினார்.

இன்னொரு 'டொக்'.

"இல்லை, இதுதானே?"

தலையாட்டினார்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"போய் முதல்ல அந்த வேனைத் திருப்பி அனுப்புங்க. தம்பி பார்த்தது வலது பக்கக் கடவாப்பல்லு, அதை இன்னைக்கே அடைக்கணும். பாப்பா பார்த்தது இடது பக்கக் கடவாப்பல்லு, அதைத் தொடவே கூடாது."